சாத்திர தானமும் பதிப்புரிமையும்: வகுப்பறையை முன்வைத்து ஒரு பார்வை

நம் சங்கத்தில் ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்பை வாசக அன்பர்கள் அறிவார்கள். பிள்ளைகளில் பெரும்பாலோர் தில்லியிலேயே பிறந்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள்; பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும். சென்ற ஆண்டு வகுப்பு ஆசிரியை அம்மையார் நாலடியாரில் 'கல்வி' அதிகாரத்தைப் பாடம் சொல்ல விரும்பினார். உரையோடு கூடிய பிரதி சங்க நூலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் எட்டுப் பக்கங்களை 22 பிள்ளைகளுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் ஓர் அன்பர் அந்தப் புத்தகத்தின் முதல் தாளைப் புரட்டிக் காட்டினார். எந்தப் பகுதியையும் எந்த வடிவத்திலும் அனுமதியின்றி நகல் எடுக்கக் கூடாது, மீறினால் சட்ட நடவடிக்கை என்று அதில் அச்சிட்டிருந்தது. "நம்ம சங்கத்துக்கு எதுக்குங்க இந்த வம்பு? நோட்டீஸ் வந்தா கோர்ட்டுக்கு யார் அலையறது?" என்றார். கூட்டம் தலையசைத்தது. இனி வகுப்பில் ஜெராக்ஸ் கூடாது என்று தீர்மானம் எழுதிவிட்டார்கள். தலையசைத்தவர்களில் நானும் ஒருவன்.

அதற்குப் பிறகு அம்மையார் பாட்டையும் உரையையும் பலகையில் எழுதிப் போட ஆரம்பித்தார். ஒன்றேகால் மணி நேர வகுப்பில் பாதி நேரம் அதைப் பார்த்து எழுதுவதிலேயே போயிற்று. ஒரு பையன், "மிஸ், போர்டை போன்ல போட்டோ எடுத்துக்கவா?" என்று கேட்டானாம். எடுக்கலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு நாள் சாயங்காலம் கரோல்பாக்கில் என் கடைக்கே வந்துவிட்டார். "ஐயா, நீங்க ஏடு, சுவடின்னு பழசெல்லாம் பார்க்கிறவர். பாடம் சொல்றதுக்குப் படி எடுத்தா அது திருட்டா? நீங்களே சொல்லுங்க" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

நான் சட்டம் படித்தவன் அல்லன்; பட்டுச் சேலை விற்பவன். இருந்தாலும் நாலடியாரை உரையோடு படிக்கிற மாதிரி, சட்டத்தையும் சொல் சொல்லாகப் படித்துப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். படித்த பின் எனக்குத் தோன்றியது இதுதான்: அஞ்ச வேண்டாததற்கு அஞ்சிக்கொண்டு, அஞ்ச வேண்டியதை நாம் கூசாமல் செய்துவருகிறோம். இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் தாளும் சட்டமும்

முதலில் ஒரு சொல் விளக்கம். பத்திரிகைகளில் 'காப்புரிமை' என்று ஒரே சொல்லை இரண்டு பொருளில் எழுதுகிறார்கள். புதிதாகக் கண்டுபிடித்த இயந்திரம், மருந்து ஆகியவற்றுக்குக் கிடைக்கும் பேடண்ட் வேறு. நூல், பாட்டு, படம் ஆகியவற்றுக்கு உள்ள உரிமை வேறு. பின்னதைப் பதிப்புரிமை என்று சொல்வதே குழப்பம் இல்லாதது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

இப்போது நடைமுறையில் இருப்பது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். 1958 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, பல முறை திருத்தப்பட்டது. 2012இல் பெரிய திருத்தம் நடந்தது. ஆசிரியர் வாழ்நாள் முழுவதும், அவர் காலமான பிறகு 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. முன்பு இது 50 ஆண்டாக இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் நூல்களுக்கு உரிமை 1991 முடிவில் தீரவிருந்த சமயத்தில் 60 ஆக்கினார்கள்.

இந்தச் சட்டத்தின் 52ஆம் பிரிவுதான் நமக்கு வேண்டியது. எவையெல்லாம் உரிமை மீறல் ஆகா என்று அது நீளமாகப் பட்டியல் போடுகிறது. சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும், திறனாய்வுக்கும் மதிப்புரைக்கும் நியாயமான முறையில் கையாளலாம் என்பது அதில் முதலாவது. நான் இங்கே ஒரு நூலின் கருத்தை எடுத்துக்காட்டி மறுத்தால் அது இதில் அடங்கும்.

பள்ளிக்கூடத்துக்கு உரியவை மூன்று. ஒன்று, ஆசிரியரோ மாணவரோ பாடம் நடத்தும் போக்கில் எந்த நூலையும் படி எடுக்கலாம். தேர்வுக் கேள்வியிலும் விடையிலும் எடுத்தாளலாம். இரண்டாவது, பாடத்துக்கென்றே தொகுக்கும் நூலில் சிறு பகுதிகளைச் சேர்க்கலாம். ஆனால் அத்தொகுப்பின் பெரும்பகுதி உரிமை தீர்ந்தவையாக இருக்க வேண்டும், ஒரே ஆசிரியரின் நூல்களிலிருந்து 5 ஆண்டுக்குள் இரண்டு பகுதிகளுக்கு மேல் அதே பதிப்பகம் வெளியிடக் கூடாது. மூன்றாவது, பள்ளியின் நடவடிக்கைகளில் ஆசிரியரும் மாணவரும் ஒரு நாடகத்தையோ பாட்டையோ நிகழ்த்தலாம். பார்ப்பவர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையோர் என்ற அளவில் நிற்க வேண்டும்.

உரையாசிரியர்கள் ஒரு சொல் ஏன் வந்தது, ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். அதே மாதிரி இங்கும் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது விதியில் 'கல்வி நிறுவனம்' என்ற சொல் இருக்கிறது. முதல் விதியில் அந்தச் சொல் இல்லை. ஆசிரியர், மாணவர், பாடம் நடத்தும் போக்கு, இவ்வளவே உள்ளன. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியாக இருக்க வேண்டும் என்றோ, தேர்வும் சான்றிதழும் வேண்டும் என்றோ அது கேட்கவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நம் சங்க மண்டபத்தில் நடக்கும் வகுப்பும் இதில் அடங்கும் என்பது என் துணிபு. சட்டம் படித்தோர் மறுத்தால் கேட்டுக்கொள்ளச் சித்தமாக இருக்கிறேன்.

இன்னொரு சொல்லும் வரவில்லை. அதுதான் அளவு. "பத்து சதவீதம் வரைக்கும் எடுக்கலாமாமே" என்று நம்மில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தியச் சட்டத்தில் பத்து சதவீதம் என்ற பேச்சே கிடையாது. ஆஸ்திரேலியாவில் நூலின் 10 சதவீதம் அல்லது ஓர் அத்தியாயம் என்ற கணக்கு உண்டு. அமெரிக்காவில் 1976இல் பள்ளி வகுப்புகளுக்காக எழுதிய வழிகாட்டுதல்களில், உரைநடைப் பகுதியானால் 1,000 சொல் அல்லது 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது, என்று ஒரு வரை இருக்கிறது. அங்குள்ள கணக்கு காற்றுவாக்கில் இங்கே வந்து, நம் வாயில் சட்டமாகிவிட்டது. வெளிநாட்டுப் படிக்கல்லை வைத்து நம்மூர் அரிசியை நிறுப்பது போலத்தான் இது.

அப்படியானால் முதல் தாளில் அச்சிட்டிருப்பதற்கு என்ன பொருள்? பதிப்பாளர் தம் உரிமையை அறிவிக்கிறார், அதில் தவறில்லை. ஆனால் சட்டம் ஆசிரியருக்கு விட்டுவைத்த இடத்தை ஒரு பதிப்பாளர் தம் அறிவிப்பினால் அடைத்துவிட முடியாது. கடையில் 'விற்ற சரக்கு திரும்பப் பெற மாட்டோம்' என்று பலகை மாட்டியிருக்கிறோம். கிழிந்த சேலையைக் கொடுத்துவிட்டு அந்தப் பலகையைக் காட்டினால் செல்லுமா? பலகை மாட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், செல்லாது.

நம் ஊரில் நடந்த வழக்கு

இந்த விதி சோதனைக்கு வந்தது வேறெங்கும் அல்ல, நாம் இருக்கும் இந்தத் தில்லியில்தான். தில்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பள்ளி வளாகத்தில் ராமேஸ்வரி என்ற பெயரில் ஒரு ஜெராக்ஸ் கடை. பேராசிரியர்கள் பாடத்துக்கு வேண்டிய கட்டுரைகளையும் அத்தியாயங்களையும் பட்டியல் போட்டுக் கொடுப்பார்கள். கடைக்காரர் நூலகப் புத்தகங்களிலிருந்து அவற்றை நகல் எடுத்து, ஒன்றாகத் தைத்து மாணவர்களுக்குக் கொடுப்பார். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்கள் 2012இல் கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. அவ்வாண்டு அக்டோபரில் இடைக்காலத் தடையும் வந்தது. பேராசிரியர்கள் பலர், அந்நூல்களில் எழுதியவர்கள் உட்பட, வழக்கு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அமர்த்தியா சென்னும் அப்படி எழுதினார்.

2016 செப்டம்பர் 16இல் நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை இயற்கையாகவோ தெய்வத்தாலோ வந்த உரிமை அன்று, சமுதாயத்தில் அறிவு வளர வேண்டும் என்பதற்காகச் சட்டம் கொடுத்தது என்பது அவர் கருத்து. மாணவன் நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதிக்கொண்டால் குற்றம் இல்லை. அதையே இயந்திரத்தில் எடுத்தால் மட்டும் எப்படிக் குற்றமாகும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

பதிப்பகங்கள் மேல்முறையீடு செய்தன. 2016 டிசம்பர் 9இல் நீதிபதிகள் பிரதீப் நந்திரஜோக், யோகேஷ் கன்னா ஆகியோர் தீர்ப்புச் சொன்னார்கள். 'பாடம் நடத்தும் போக்கு' என்பது வகுப்பறையில் ஆசிரியர் பேசும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் அன்று. பாடத்துக்கு ஆயத்தம் செய்வதும், வகுப்புக்குப் பின் படிப்பதும் அதில் சேரும் என்றார்கள். எவ்வளவு எடுத்தாய் என்பதைக் காட்டிலும், எடுத்தது பாடத்துக்குத் தேவைதானா என்பதே அளவுகோல். ஆனால் இரண்டு கேள்விகளை அவர்கள் முடிக்காமல், மீண்டும் விசாரிக்கும்படி கீழே அனுப்பினார்கள். தொகுப்பில் சேர்த்த பகுதிகள் உண்மையில் பாடத்துக்குத் தேவைப்பட்டவையா என்பது ஒன்று; முழுப் புத்தகத்தையும் நகல் எடுக்கலாமா என்பது மற்றொன்று. விசாரணை நடப்பதற்குள் 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

முழுப் புத்தகம் பற்றிய கேள்விக்கு விடை கிடைக்காமலே போயிற்று என்பதை நாம் கவனத்தில் வைக்க வேண்டும். "தில்லி கோர்ட்டே சொல்லிடுச்சு, இனிமே எதை வேணும்னாலும் ஜெராக்ஸ் போடலாம்" என்று சொல்லித் திரிபவர்கள் தீர்ப்பின் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

தானமும் பூட்டும்

கையால் எழுதலாம் என்றால் இயந்திரத்தால் எடுக்கலாம் என்ற வாதத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் சமயத்து மரபு நினைவுக்கு வந்தது. சமணத்தில் தானம் நான்கு: உணவு, மருந்து, அபயம், சாத்திரம். சாத்திர தானம் என்பது நூலைப் படி எடுத்துக் கொடுப்பது. அச்சு வராத காலத்தில் நூல் அழியாமல் நின்றதற்கு அதுவே வழி. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பே என்னும் பெருமாட்டி, பொன்னன் இயற்றிய சாந்தி புராணத்தை 1,000 படிகள் எழுதச் செய்து வழங்கினார். இன்றும் சமண நூல்கள் பலவற்றை அன்பளிப்பாக அச்சிட்டு வழங்குகிறோம். விலை போட வேண்டிய இடத்தில் 'சுவாத்தியாயம்' என்று அச்சிட்டிருப்பதை வடநாட்டு நூல்களில் காணலாம். நீ படிப்பதே விலை என்பது பொருள்.

தமிழுக்கு இதனால் விளைந்த பயனுக்குச் சீவக சிந்தாமணி சான்று. கும்பகோணத்தில் 1880இல் சேலம் இராமசாமி முதலியார் தூண்டியதால் உ.வே. சாமிநாதையர் அந்நூலைப் பார்க்கத் தொடங்கினார். அதில் வரும் சமயச் செய்திகள் விளங்காமல் அவ்வூர்ச் சமணர் வீடுகளைத் தேடிப் போனார். அவர்கள் அந்நூலைப் பரம்பரையாகப் பாடம் கேட்டு வருபவர்கள். வேறு சமயத்தவர் என்று எண்ணாமல் சந்தேகங்களை விளக்கினார்கள். 1887இல் பதிப்பு வெளிவந்தது. ஐயர் தம் பதிப்புகளின் முன்னுரைகளில் சுவடி உதவியவர்களின் பெயரை ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். கொடுத்தவர் விலை கேட்கவில்லை. வாங்கியவர் பெயரை மறைக்கவில்லை.

இத்தோடு நிறுத்தினால் எங்கள் மரபைப் பற்றிப் பெருமை பேசியதாக முடியும். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சட்கண்டாகமம் என்னும் பழைய நூலுக்கு வீரசேனர் ஒன்பதாம் நூற்றாண்டில் எழுதிய உரை தவளம். அதன் ஏடுகள் மூடுபித்திரையில் மட்டுமே இருந்தன. அவற்றைப் பூசித்தார்கள், யாத்திரிகருக்குத் தரிசனம் செய்வித்தார்கள். படி எடுக்க மட்டும் தலைமுறை தலைமுறையாக விடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் படி எடுக்கும் வேலை தொடங்கியது. அதுவும் அங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். எடுத்தவர் வழியாகவே ஒரு படி வெளியே போயிற்று; அனுமதியோடு அன்று. அந்தப் படியிலிருந்து பெருகிய படிகளைக் கொண்டு பேராசிரியர் ஹீராலால் ஜெயின் 1939இல் முதல் தொகுதியை அச்சிட்டார். பின்னர் 16 தொகுதிகளாக முற்றுப்பெற்றது. ஏட்டைக் காத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் காவாவிட்டால் படி எடுக்க ஏடே இருந்திராது. ஆனால் யாரும் படிக்கக் கூடாது என்று காத்த நூல், ஒரு கறையான் புற்றுக்குத் தப்பியது தற்செயல்தான். படி எடுப்பதைத் தடுப்பதே பாதுகாப்பு என்று நினைத்துத் தீர்மானம் எழுதிய நம் செயற்குழு, தன்னை அறியாமல் அந்தப் பூட்டின் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டது.

என் கணக்கில் வரவும் செலவும்

இதுவரை ஆசிரியர் பக்கம் நின்று பேசினேன். எழுதினவன் பக்கமும் ஒன்று உண்டு. அதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்வதற்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாலடியாரில் 40 பாட்டுகளைத் தெரிந்து, பிள்ளைகளுக்குப் புரியும்படி எளிய உரை எழுதி, 64 பக்கத்தில் சிறு நூலாக அச்சிட்டேன். கைக்காசு போட்டு 500 பிரதி. சில காலம் கழித்து ஊருக்குப் போனபோது, உறவினர் வீட்டுப் பெண் குழந்தை ஒரு பாடப் புத்தகம் வைத்திருந்தாள். அவள் படிக்கும் தனியார் பள்ளி தானே அச்சிட்டு விற்றது. புரட்டினால் என் உரை! ஓர் எழுத்து மாறவில்லை. நான் விட்ட அச்சுப்பிழை உட்பட அப்படியே இருந்தது. அட்டையில் 'பள்ளி வெளியீடு'. என் பெயர் எங்கும் இல்லை. விலை மட்டும் இருந்தது.

பள்ளிக்குக் கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. வழக்குப் போட மனம் இல்லை. ஆனால் பல நாள் தூக்கம் கெட்டது. "ஞான தானம்னு பேசறீங்களே, இப்ப மட்டும் ஏன் கோபம்?" என்று என் மகன் கேட்டான். நியாயமான கேள்விதான். யோசித்துப் பார்த்தேன். அந்தப் பள்ளி ஆசிரியர் ஒருவர் என் நூலை முழுக்க ஜெராக்ஸ் எடுத்துத் தம் வகுப்புக்குக் கொடுத்திருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். காசுக்காகவும் எனக்கு வருத்தம் இல்லை. 500 பிரதியில் பாதியை நானே சும்மாதான் கொடுத்தேன். என் பெயரை எடுத்துவிட்டு விலையைப் போட்டார்களே, அதுதான் சுட்டது. பாடத்துக்குப் படி எடுப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சட்டமும் இதைத் தனியே சொல்கிறது: 57ஆம் பிரிவின்படி, பதிப்புரிமையை விற்றுவிட்டாலும் 'இது நான் எழுதியது' என்று கோரும் உரிமை ஆசிரியரை விட்டுப் போவதில்லை.

இனிச் செலவுக் கணக்கு. கோபம் தணிந்த பிறகு, பழைய விழா மலர்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவற்றில் சமணக் குகைப்பள்ளிகளைப் பற்றி நான் எழுதிய கட்டுரை ஒன்று அகப்பட்டது. நான் முதன்முதலில் எழுதியது அதுவே. அதில் ஏறக்குறைய இரண்டு பக்கம், காலஞ்சென்ற ஓர் அறிஞரின் நூலிலிருந்து எடுத்தது. சொற்களை இங்குமங்கும் மாற்றியிருந்தேன். அவர் பெயரைச் சொல்லவில்லை. அந்த நாளில் அது தவறு என்றே எனக்குத் தோன்றவில்லை. "அருமையான ஆராய்ச்சி" என்று பலர் பாராட்டியதை வாங்கிக்கொண்டும் இருந்தேன். அந்தப் பள்ளி எனக்குச் செய்ததைத்தான் நான் அவருக்குச் செய்திருக்கிறேன்.

வகுப்பறைக்குக் கொடுத்த சலுகை விழா மலருக்குக் கிடையாது. இது அச்சாகி, விளம்பரம் வாங்கி, வெளியாகும் நூல். ஆனாலும் வெளிமாநிலத் தமிழ்ச் சங்க மலர்களைத் திரட்டிப் பாருங்கள். வார இதழில் வந்த கவிதை, யாரோ எழுதிய கட்டுரை, யாரோ வரைந்த படம் எல்லாம் பெயரில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கும். பிள்ளைகளுக்கு எட்டுப் பக்கம் ஜெராக்ஸ் எடுக்க நடுங்கிய நாம், மலரில் அடுத்தவர் கட்டுரையைச் சேர்க்கும்போது நடுங்கியதில்லை. கட்டுரையின் தொடக்கத்தில் நான் சொன்னது இதைத்தான்.

அண்மைக் காலத்தில் இன்னொரு வழக்கமும் வந்திருக்கிறது. உயிரோடிருக்கும் எழுத்தாளரின் நாவலை முழுதாகப் பிடிஎப் ஆக்கி, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். "தமிழ் வளரட்டும்னுதான் ஐயா" என்கிறார்கள். ஒரு வகுப்புக்கு வேண்டிய அத்தியாயத்தை ஆசிரியர் எடுப்பது வேறு. இருநூறு பேர் உள்ள குழுவில் முழு நூலையும் கொட்டுவது வேறு. சில நூறு பிரதி அச்சிட்டு, அது விற்றால் அடுத்த புத்தகம் என்று நடத்தும் சிறு பதிப்பாளர்கள் தமிழில் நிறைய இருக்கிறார்கள். அந்தச் சில நூறில் ஒரு பங்கை வாங்க வேண்டியவர்கள் நம்மைப் போன்ற சங்கங்கள்தாம். நாமே வாங்காமல் சுற்றுக்கு விட்டால் அங்கே அடுப்பு எரியாது. பட்டுக் கடையில் ஒரு டிசைன் நன்றாகப் போனால் அடுத்த மாதம் எதிர்க்கடையில் தொங்கும். நெய்தவனுக்கு ஒன்றும் போய்ச் சேராது. அதைக் கண்ணால் பார்த்து வயிறெரிந்தவன் நான்.

செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் தொகுத்து நம் செயற்குழுவுக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அதன் சுருக்கம் வருமாறு. மற்ற ஊர்ச் சங்கங்களுக்கும் பயன்படலாம்.

வகுப்புக்குத் தேவையான பகுதியை, அந்த வகுப்புப் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு மட்டும், ஆசிரியர் படி எடுக்கலாம். ஜெராக்ஸ் கூலிக்கு மேல் ஒரு பைசா வாங்கக் கூடாது. ஒவ்வொரு தாளின் தலையிலும் நூல், ஆசிரியர், பதிப்பகம் ஆகிய பெயர்களை எழுத வேண்டும். முழு நூலும் பாடம் என்றால் வாங்கியே ஆக வேண்டும். விலை கொடுக்க இயலாத பிள்ளைக்குச் சங்கம் வாங்கித் தரட்டும்.

உரிமை தீர்ந்த நூல்களை நாம் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. நாலடியார் மூலத்துக்கு யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை. உரைக்குத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். உரையாசிரியர் 1975இல் மறைந்தார் என்றால் 2035 முடிய அவர் குடும்பத்தாருக்கோ பதிப்பாளருக்கோ உரிமை உண்டு. உ.வே.சா. 1942இல் மறைந்தார்; 2003 முதல் அவர் எழுத்துகள் பொதுவானவை. பாரதி பாடல்களின் உரிமையைச் சென்னை அரசு 1949இல் வாங்கி, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. பின்னாளில் கல்கி, புதுமைப்பித்தன் முதலியோர் நூல்களையும் தமிழ்நாட்டு அரசு அவர்கள் குடும்பத்தாருக்குத் தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கியது. இத்தகைய நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் கிடைக்கின்றன. பழைய இலக்கிய மூலங்களை 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். இவற்றை எடுத்துத் தைத்து, நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு வாசகம் அச்சிட எந்தத் தடையும் இல்லை. உரிமை உள்ள எழுத்திலிருந்து ஒன்றிரண்டு சிறு பகுதி சேர்க்க வேண்டுமானால் மேலே சொன்ன ஐந்தாண்டு, இரண்டு பகுதி விதியை மறக்க வேண்டாம்.

ஆண்டு விழா நாடகத்துக்கும் ஒரு சொல். பார்வையாளரிடம் கட்டணம் வாங்காமல் அமெச்சூர் குழு நடத்தும் நாடகத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. 'நன்கொடைச் சீட்டு' என்று பெயர் மாற்றி 200 ரூபாய் வாங்கினால், அது கட்டணம் இல்லையென்று வாதாட எனக்குத் துணிவில்லை. நாடக ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள். நம்மிடம் யாராவது கேட்டால் நாம் மகிழ மாட்டோமா?

செயற்குழுவில் அரை மணி நேரம் விவாதம் நடந்தது. முதலில் ஆட்சேபித்த அன்பரே, "இதை அப்பவே படிச்சிருக்கலாம்" என்று சொல்லித் தீர்மானத்தைத் திரும்பப் பெற முன்மொழிந்தார். அந்த நாலடியார் உரையில் ஐந்து பிரதிகளை நூலகத்துக்கு வாங்கவும் முடிவாயிற்று. நான் இன்னொன்றும் கேட்டேன்: இனி மலருக்கு வரும் கட்டுரைகளில் பிறர் கருத்தை எடுத்தாண்டால் கட்டுரைக்குள்ளேயே அவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்று விதி செய்யுங்கள் என்றேன். அதைப் பற்றி மட்டும் இன்னும் முடிவெடுக்கவில்லை. "எழுதிக் கொடுக்கிறதே நாலு பேரு, அவங்களையும் விரட்டிடாதீங்க" என்று ஒருவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

என் பழைய கட்டுரையில் பெயர் சொல்லாமல் விட்ட அறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள், நூல் 'சமணமும் தமிழும்'. காலம் கடந்தேனும் இந்த மலரில் அதைப் பதிவு செய்கிறேன். அவர் ஆன்மா என்னை மன்னிக்க வேண்டும்.

ஏடு எழுதினோர் கடைசி ஓலையில் தம் பெயரையும், பிழை பொறுக்கும்படியான வேண்டுகோளையும் எழுதி வைப்பது வழக்கம். என் கருத்தில் பிழை இருப்பின் அறிஞர் பெருமக்கள் பொறுத்துத் திருத்துவார்களாக. வகுப்பில் பாடம் சொல்லும் எவரும் இக்கட்டுரையைப் படி எடுத்துக்கொள்ளலாம்.